வடசென்னையில் முதல் குர்பானி: நிய்யத்திலிருந்து கறிப் பங்கு வரை

ஊரில் இருந்தவரை பக்ரீத் பெருநாளில் பிராணியை அறுத்துக் கொடுக்கும் குர்பானி என்றால் அத்தாவின் (அப்பாவின்) வேலை. ஆடு எப்போது வந்தது, யார் அறுத்தார், தோல் எங்கே போனது என்று எனக்கு எதுவும் தெரியாது. தொழுதுவிட்டு வந்தால் ஈரல் வறுவல் தட்டில் இருக்கும். வேலைக்காக பழைய வண்ணாரப்பேட்டைக்கு வந்து, சொந்தச் சம்பளத்தில் முதல் குர்பானி கொடுக்க நின்றபோதுதான் எனக்கு ஒன்றுமே தெரியாது என்று புரிந்தது. பெருநாளுக்கு முந்தின இரவு, நான் வாங்கி வந்த ஆட்டின் கீழ் உதட்டை இறக்கிப் பார்த்த பள்ளிவாசல் ஹஜ்ரத் (இமாம்), "தம்பி, இது பால் பல். இன்னும் வருஷம் ஆகல" என்றார். அந்த நேரத்தில் வேறு ஆடு தேடி அலைந்தேன். அறுக்க ஆளில்லாமல் மறுநாள் மாலை வரை காத்திருந்தேன். கடைசியில் ஆட்டின் மேல் கை வைத்தபோது மனசு முழுக்கப் பணக் கணக்கும் எரிச்சலும்தான் இருந்தது. அது இன்றும் எனக்கு வருத்தம்.

உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். ஏற்பாடுகளை முன்கூட்டியே முடித்துவிட்டால், அல்லாஹ்வின் பெயரால் பிஸ்மி சொல்லி அறுக்கும் நேரத்தில் மனசு அல்லாஹ்விடம் மட்டும் இருக்கும்.

1. உங்கள் மேல் கடமையா என்று பாருங்கள்

ஹனஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) வசதியுள்ளவருக்குக் குர்பானி வாஜிப், அதாவது கட்டாயம். ஷாஃபி மத்ஹபில் வலியுறுத்தப்பட்ட சுன்னத் (நபிவழி). மண்ணடி, ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் இரண்டு மத்ஹபுக்காரர்களும் கலந்து வாழ்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். உங்கள் மத்ஹபை வைத்துக் கேளுங்கள்.

நான் ஹனஃபி. எங்கள் கணக்கு இப்படி: குடியிருக்கும் வீடு, உடுப்பு, வண்டி, தொழில் கருவி போன்ற அத்தியாவசியங்களையும் கடனையும் கழித்துவிட்டு, பெருநாள் நாட்களில் 612.36 கிராம் வெள்ளியின் மதிப்பு கையில் இருந்தால் கடமை. தங்கம் மட்டுமே இருப்பவருக்கு 87.48 கிராம், அதாவது பதினோரு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. தங்கத்தோடு ரொக்கமும் இருந்தால் இரண்டையும் சேர்த்து வெள்ளி மதிப்போடு ஒப்பிட வேண்டும். ஜகாத் என்ற கட்டாய தானத்தைப் போல ஒரு வருடம் கையில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்குக் கிடையாது.

ஒரு தாளில் எழுதுங்கள்: வங்கி இருப்பு, நகை எடை, சீட்டில் கட்டிய பணம், பிறருக்குக் கொடுத்து வைத்த கடன், நீங்கள் கொடுக்க வேண்டிய கடன். அன்றைய ஒரு கிராம் வெள்ளி விலையை 612.36ஆல் பெருக்கி ஒப்பிடுங்கள். தாளை ஹஜ்ரத்திடம் காட்டினால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

பலர் இங்கே ஒன்றை விட்டுவிடுகிறோம். மனைவியின் நகை மனைவியின் சொத்து. அது கணக்குக்கு வந்தால் அவர் மேல் தனிக் கடமை. கணவர் கொடுத்த ஓர் ஆடு இரண்டு பேருக்கும் ஆகாது. ஷாஃபி மத்ஹபில் குடும்பத்தில் ஒருவர் கொடுத்தால் அந்த வீட்டுக்கு சுன்னத் நிறைவேறிவிடும். கடமை இல்லாதவர் வட்டிக்கு வாங்கிக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அதைச் செய்யாதீர்கள்.

2. நிய்யத்தைச் சரிசெய்யுங்கள்

நிய்யத் என்றால் உள்ளத்தின் எண்ணம். இதற்குச் செலவு கிடையாது. ஆனால் எல்லாவற்றையும்விட அதிக நேரம் இதற்குத்தான் வேண்டும். அதனால் ஆடு வாங்குவதற்கு முன்பே வைக்கிறேன்.

இப்ராஹீம் நபி தான் கண்ட கனவை மகனிடம் சொன்னபோது மகன் சொன்ன பதில் குர்ஆனில் இருக்கிறது: "தந்தையே, உங்களுக்குக் கட்டளையிடப்பட்டதைச் செய்யுங்கள், அல்லாஹ் நாடினால் என்னைப் பொறுமையாளராகக் காண்பீர்கள்" (37:102). அடுத்த வசனத்தில் இருவரும் பணிந்ததைச் சொல்ல வரும் சொல் "அஸ்லமா". இஸ்லாம் என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். தந்தையும் பணிந்தார், மகனும் பணிந்தார். நம்மிடம் கேட்கப்படுவது மகனை அல்ல, ஓர் ஆட்டை. அதையும் நமக்கே உண்ணக் கொடுக்கிறான். "அவற்றின் இறைச்சியோ இரத்தமோ அல்லாஹ்வை அடைவதில்லை, உங்கள் தக்வாதான் (இறையச்சம்தான்) அவனை அடைகிறது" (22:37) என்று வேறு சொல்லிவிட்டான்.

பெருநாளுக்கு முந்தின வாரம் எங்கள் தெருவில் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். யார் ஆடு பெரிது, எவ்வளவுக்கு வாங்கினாய் என்றுதான் பேச்சு. ஆட்டோடு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடும்போது மனசில் ஒரு துளி பெருமை நுழையும். எனக்கும் நுழைந்தது. அத்தா ஊரில் ஆட்டைக் கொல்லையில் கட்டிவிட்டு விலையை யாரிடமும் சொல்ல மாட்டார். ஏன் என்று சென்னைக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

நிய்யத்தை வாயால் உரக்கச் சொல்ல வேண்டியதில்லை. இது அல்லாஹ்வுக்காக என்ற தெளிவு உள்ளத்தில் இருந்தால் போதும். யார் பெயரில் என்பதை முன்பே முடிவு செய்துவிடுங்கள்: உங்களுக்கா, மனைவிக்கா, மறைந்துவிட்ட பெற்றோருக்கா? மறைந்தவருக்குக் கொடுப்பதற்கு முன், உங்கள் மேல் இருக்கும் கடமை நிறைவேறுகிறதா என்று பாருங்கள். நேர்ச்சை செய்த குர்பானி என்றால் அந்தக் கறி முழுவதும் ஏழைகளுக்கு. நீங்கள் உண்ணக் கூடாது.

3. ஆடா, கூட்டுப் பங்கா?

ஓர் ஆடு ஒருவருக்கு. ஒரு மாடு அல்லது எருமை ஏழு பேருக்கு. ஒட்டகத்தையும் ஏழு பேர் சேர்ந்து கொடுக்கலாம் என்பது மார்க்கச் சட்டம்; ஆனால் தமிழ்நாட்டில் ஒட்டகம் அறுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் தடை விதித்தது. அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

மாட்டை நீங்களே வாங்கி அறுக்கும் எண்ணமும் வேண்டாம். தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, அறுக்கத் தகுந்தது என்று எழுத்துச் சான்றிதழ் இல்லாமல் மாட்டையோ எருமையையோ அறுக்க முடியாது. ஆகவே கூட்டுப் பங்கு என்றால் பள்ளிவாசல் ஜமாஅத் (நிர்வாகம்) வழியாகவே போங்கள்.

பங்கில் சேரும்போது கையெழுத்துள்ள ரசீது வாங்குங்கள். அதில் இவை இருக்க வேண்டும்:

- யார் பெயரில் குர்பானி
- எந்தப் பிறையில் (மாதத்தின் எந்த நாளில்) அறுப்பார்கள்
- ஒரு பிராணிக்கு எத்தனை பேர் (ஏழுக்கு மேல் போனால் யாருடைய குர்பானியும் செல்லாது)
- உங்களுக்குக் கறி உண்டா, அல்லது முழுவதும் ஏழைகளுக்கா
- தோலை யார் எடுத்துக்கொள்கிறார்கள்

வாட்ஸ்அப்பில் வரும் "குறைந்த விலையில் பங்கு" விளம்பரத்தை நம்பி, முகம் தெரியாத எண்ணுக்குப் பணம் அனுப்பாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அனுப்பினார். ரசீதும் வரவில்லை, அறுத்தார்களா என்ற தகவலும் வரவில்லை. பணம் போனதைவிட, கடமை நிறைவேறியதா இல்லையா என்ற கவலைதான் அவரை அதிகம் வாட்டியது.

இன்னொன்று. ஹனஃபி மத்ஹபில் ஏழு பேரும் வணக்கம் என்ற நிய்யத்தில் இருக்க வேண்டும். ஒருவர் வெறும் கறிக்காகச் சேர்ந்திருந்தாலும் மற்ற ஆறு பேரின் குர்பானியும் கூடாமல் போய்விடும். ஆள் குறைகிறதே என்று அலுவலக நண்பரை இழுத்துப் போடுகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

எனக்குக் கடந்த முறை ஆட்டுக்கு ஆன செலவு: 22 கிலோ எடையுள்ள வெள்ளாடு 13,500 ரூபாய், வண்டி வாடகையில் என் பங்கு 400, தழையும் கயிறும் 350, அறுத்து உரித்துத் துண்டு போட 1,500, பைகளும் சில்லறைச் செலவும் 250. மொத்தம் 16,000. உயிர் எடையில் ஏறக்குறைய பாதிதான் கறியாகத் தேறும். எனக்குப் பத்து கிலோ கிடைத்தது. விலை வருடா வருடம் மாறும். ஆட்டின் விலைக்கு மேல் இரண்டாயிரம், மூவாயிரம் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கணக்கைச் சொன்னேன்.

4. நாள் கணக்கு

பிறை மாதம் என்பதால் பெருநாள் ஒவ்வொரு வருடமும் பத்து, பதினொரு நாள் முன்னால் வரும். 2025இல் ஜூன் 7 அன்று வந்தது. தமிழ்நாடு அரசு தலைமைக் காஜியின் பிறை அறிவிப்புக்குப் பிறகு உங்கள் கையில் ஒன்பது நாள்தான் இருக்கும். அப்போது தொடங்கினால் தாமதம்.

ஒரு மாதம் முன்: கடமைக் கணக்கு, பணம், பங்கா ஆடா என்ற முடிவு.

இரண்டு வாரம் முன்: அறுப்பவரைப் பேசி முன்பணம் கொடுப்பது. ஆடு கிடைத்துவிடும், ஆள்தான் கிடைக்காது.

துல்கஃதா 29 (பெருநாள் மாதமான துல்ஹஜ்ஜுக்கு முந்தின மாதம்): நகமும் முடியும் வெட்டிவிடுங்கள். துல்ஹஜ் பிறை 1 முதல் குர்பானி கொடுத்து முடிக்கும்வரை கொடுப்பவர் அவற்றைக் களையாமல் இருப்பது சுன்னத்.

பிறை 9: அரஃபா நோன்பு. அன்று ஃபஜ்ரிலிருந்து (அதிகாலைத் தொழுகை) பிறை 13 அஸர் (பிற்பகல் தொழுகை) வரை, இருபத்து மூன்று பர்ளுத் (கட்டாயத்) தொழுகைகளுக்குப் பின் தக்பீர் (அல்லாஹு அக்பர் என்று போற்றுவது).

அறுக்கும் காலம் ஹனஃபிக்குப் பிறை 10 பெருநாள் தொழுகைக்குப் பின் தொடங்கிப் பிறை 12 சூரியன் மறையும் வரை. ஷாஃபிக்குப் பிறை 13 மறையும் வரை. தொழுகைக்கு முன் அறுத்தால் அது வெறும் கறிதான், குர்பானி ஆகாது. முதல் நாளே சிறந்தது. ஆனால் ஆள் கிடைக்கவில்லை என்றால் பதறாமல் இரண்டாம் நாள் கொடுங்கள். கூலியும் சற்றுக் குறையும்.

5. ஆடு வாங்குவது

புளியந்தோப்பு ஆடுதொட்டியை (ஆடு அறுப்புக் கூடத்தை) சுற்றிப் பெருநாளுக்கு முந்தின வாரம் ஆடுகள் நிறைய இறங்கும். ஆந்திராவிலிருந்தும் வரும். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். மாலையில் கூட்டமும் விலையும் சேர்ந்து ஏறும். ஆடு தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது. கறிக்கடை பாய் யாராவது பழக்கம் என்றால் அவரே போதும்.

பல் பார்க்கும் முறையைச் சொல்கிறேன், ஏனென்றால் நான் ஏமாந்தது இங்கேதான். ஆட்டுக்கு மேல் தாடையில் முன்பல் கிடையாது. கீழ் உதட்டைக் கட்டை விரலால் மெதுவாக இறக்குங்கள். சின்னச் சின்னதாக, அரிசி மணி அடுக்கியதுபோல எட்டுப் பற்களும் ஒரே அளவில் இருந்தால் பால் பல், குட்டி. நடுவில் இரண்டு மட்டும் அகலமாக, மற்றவற்றைவிட உயரமாக நின்றால் "ரெண்டு பல்லு". வெள்ளாட்டுக்கு ஒரு வயது தாண்டிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். விற்பவர் "வருஷம் ஆச்சு பாய், தைரியமா எடுங்க" என்று சொல்வார். சொல்லட்டும், நீங்கள் உதட்டை இறக்கிப் பாருங்கள். சட்டத்துக்கு அடிப்படை வயதுதான். நீங்களே வளர்த்து, வயது உறுதியாகத் தெரிந்த ஆடு என்றால் பல்லைத் தேட வேண்டாம்.

வயது ஹனஃபிக்கு: வெள்ளாடு ஒரு வருடம். செம்மறி ஒரு வருடம்; பார்க்க ஒரு வருட ஆடு போலவே கொழுத்திருந்தால் ஆறு மாதம் போதும். ஷாஃபிக்கு வெள்ளாடு இரண்டு வருடம், செம்மறி ஒரு வருடம். மாடு, எருமைக்கு இரண்டு மத்ஹபிலும் இரண்டு வருடம்.

குறைகளில் நான்கை ஹதீஸே சொல்கிறது: ஒரு கண் தெளிவாகக் குருடு, தெளிவான நோய், தெளிவான நொண்டி, எலும்பில் மஜ்ஜை இல்லாத அளவு மெலிவு. காதும் வாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அறுந்திருந்தால் ஹனஃபியில் கூடாது. பிறவியிலேயே கொம்பு இல்லாதது, காயடித்தது, பெட்டை எல்லாம் கூடும். ஆட்டைப் பத்தடி நடக்கவிட்டுப் பாருங்கள். கண் முன் கையை அசைத்துப் பாருங்கள். மூக்கில் சளி ஒழுகினாலோ, பின்புறம் கழிச்சலால் நனைந்திருந்தாலோ வேண்டாம்.

எடை போட்டு வாங்கினால் வயிற்றைக் கவனியுங்கள். உப்புத் தண்ணீர் குடிக்க வைத்து எடை ஏற்றுவது உண்டு. வயிறு இரு பக்கமும் டம்மென்று புடைத்திருந்தால் வேறு ஆட்டைப் பாருங்கள். துண்டுச் சீட்டிலாவது தொகை, எடை, தேதி எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வழியில் யாராவது கேட்டால் காட்ட உதவும்.

6. கொண்டு வருவதும் வைத்திருப்பதும்

இரு சக்கர வண்டியில் காலைக் கட்டிக் குறுக்கே போட்டு வராதீர்கள். மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். அதைவிட, அல்லாஹ்வுக்கென்று நியமித்த பிராணியை அப்படிக் கொண்டு வருவதில் என்ன பணிவு இருக்கிறது? நாலு பேர் சேர்ந்து ஒரு குட்டி யானை (சிறு சரக்கு வண்டி) பிடித்தால் ஆளுக்கு நானூறு, ஐந்நூறுதான் ஆகும்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முன்பே கேளுங்கள். என் வீட்டுக்காரம்மா இந்து. "ரெண்டு நாள் மொட்டை மாடியில கட்டிக்கிறேன்மா, நானே கழுவி விட்டுடறேன்" என்றேன். சரி என்றார், சாயங்காலம் கீரைத் தண்டு கொண்டு வந்து அவரே ஊட்டினார். கேட்காமல் கட்டியிருந்தால் சண்டை வந்திருக்கும்.

வெயில் காலத்தில் நிழலும் தண்ணீரும் முக்கியம். சோறு, பிரியாணி மீதி எதையும் போடாதீர்கள், வயிறு உப்பிவிடும். உடம்பு சரியில்லை என்று தோன்றினால் கால்நடை அவசர உதவிக்கு 1962. நேரில் போக வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான்.

7. எங்கே அறுப்பது

2001ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் பெற்ற அறுப்புக் கூடத்தில்தான் அறுக்க வேண்டும். உங்கள் ஜமாஅத் எந்த இடத்துக்கு ஏற்பாடு செய்திருக்கிறது, அதற்கு மாநகராட்சி அனுமதி உண்டா என்று ஒரு வாரம் முன்பே கேட்டு வையுங்கள். தெருவிலும் மாடிப்படியிலும் வேண்டாம். நம் பக்கத்துச் சாக்கடைகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். குடலும் இரத்தமும் அதில் போனால் மூன்றாம் நாள் தெருவே நாறும், பாதிக்கப்படுவது அக்கம்பக்கத்துக் குழந்தைகள். கழிவு எடுக்க ஆள் வரவில்லை என்றால் மாநகராட்சியின் 1913 எண்ணைக் கூப்பிடுங்கள்.

அறுப்பவரிடம் மூன்றையும் தெளிவாகப் பேசுங்கள்: எத்தனை மணிக்கு, எவ்வளவு, துண்டு போடுவதும் சேர்த்தா. கூலியைப் பணமாகவே கொடுங்கள். தலையை எடுத்துக்கொள், தோலை எடுத்துக்கொள் என்று கூலியில் கழிப்பது கூடாது. கூலி கொடுத்த பிறகு அன்பளிப்பாகக் கறி கொடுத்தால் குற்றமில்லை.

8. பெருநாள் காலை

தொழுகைக்கு முன் எதுவும் உண்ணாமல் போவது சுன்னத். திரும்பி வந்து முதலில் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுங்கள்.

கத்தியை முந்தின நாளே சாணை பிடித்து வையுங்கள். "அறுக்கும்போது அழகிய முறையில் அறுங்கள், கத்தியைக் கூர்மையாக்குங்கள், பிராணிக்கு நிம்மதி கொடுங்கள்" என்பது நபிமொழி. அதன் கண் முன்னால் கத்தி தீட்டக் கூடாது, ஓர் ஆட்டின் முன் இன்னோர் ஆட்டை அறுக்கவும் கூடாது.

இடப் பக்கமாகக் கிடத்தி, கிப்லா (தொழும் திசை) பக்கம் திருப்புங்கள். சென்னைக்கு அது மேற்கில் சற்று வடக்கே சாய்ந்த திசை. உங்களுக்கே அறுக்கத் தெரிந்தால் நீங்களே அறுப்பது சிறப்பு. தெரியாவிட்டால் துணிச்சலுக்காகச் செய்ய வேண்டாம். தயங்கிய கை ஆட்டுக்கு வேதனை. பக்கத்தில் நின்றால் போதும். "என் தொழுகையும், என் குர்பானியும், என் வாழ்வும், என் மரணமும் அகிலங்களின் இறைவனான அல்லாஹ்வுக்கே" (6:162) என்ற வசனத்தை மனப்பாடம் செய்து வந்தால் அந்த நேரத்தில் ஓத முடியும். அறுப்பவர் "பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்" என்று சொல்லி அறுக்க வேண்டும். மூச்சுக்குழலும் உணவுக்குழலும் இரண்டு இரத்தக் குழாய்களும் அறுபட வேண்டும்.

இரண்டாம் வருடம் ஆட்டின் கழுத்தை நான் பிடித்திருந்தேன். ரோமத்துக்குக் கீழே சூடாக, வேகமாகத் துடித்தது. காலையில் என் கையில்தான் தழை தின்றது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஹஜ்ரத் பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை, என் தோளில் கை வைத்தார். பிரியமானதைக் கொடுக்கும்போது வலிக்கத்தான் செய்யும். கண்ணீர் வந்தால் வெட்கப்படாதீர்கள்.

துடிப்பு முழுவதும் அடங்கும்வரை உரிக்க விடாதீர்கள். அவசரப்படும் கூலிக்காரரிடம் இதை முன்பே சொல்லி வைப்பது உங்கள் பொறுப்பு.

9. கறியும் தோலும்

மூன்று பங்கு வைப்பது விரும்பத்தக்கது: ஒன்று வீட்டுக்கு, ஒன்று உறவினருக்கும் நண்பருக்கும், ஒன்று ஏழைகளுக்கு. கூட்டுக் குர்பானியில் ஏழு பங்கையும் தராசில் நிறுத்துப் பிரிக்க வேண்டும், குத்துமதிப்பு கூடாது. ஏழைகளுக்கான பையில் எலும்பையும் சவ்வையும் மட்டும் தள்ளிவிடாதீர்கள். வீட்டுக்கு எடுப்பதுபோலத் தொடைக்கறியும் ஈரலும் போடுங்கள். மாற்று மதத்து அண்டை வீட்டாருக்குக் கொடுக்க ஹனஃபியில் தடையில்லை. ஷாஃபிக்காரர்கள் தங்கள் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிடுவார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுப்பது மரியாதை.

கறியைச் சூட்டோடு மூடிய பையில் அடைத்தால் வாடை வந்துவிடும். ஒரு மணி நேரம் பரப்பி ஆறவிட்டுப் பிரித்துக் கட்டுங்கள். சாயங்காலத்துக்குள் விநியோகம் முடியட்டும்.

தோலை நீங்களே பயன்படுத்தலாம், தானம் செய்யலாம். விற்றால் அந்தப் பணம் ஏழைகளுக்குத்தான். உட்பக்கம் கல்லுப்பு தேய்த்து மடித்து, அன்று மதியத்துக்குள் மதரஸாவில் சேர்த்துவிடுங்கள்.

10. நாள் தவறிவிட்டால்

ஆடு கிடைக்கவில்லை, ஆள் வரவில்லை, அறுக்கும் நாட்கள் முடிந்துவிட்டன என்றால், பிறகு அறுத்தால் குர்பானி ஆகாது. ஹனஃபியில் கடமையானவர் ஒரு நடுத்தர ஆட்டின் விலையை ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆட்டை வாங்கி வைத்திருந்து அறுக்க முடியாமல் போயிருந்தால், அந்த ஆட்டையே உயிரோடு தானம் செய்துவிடுங்கள்.